பெட்டிக்குள் இரண்டு பேட்டரி

ஜனவரி 5, 2010, செவ்வாய்

மழை. குடையை மெட்ரோவில் விட்டுவிட்டு இறங்கினேன். இந்தக் குளிர்காலத்தில் இது இரண்டாவது குடை.

கடைசிக் காலாண்டின் கணக்கு இன்று ஆரம்பம். மலிவு விலைச் சிறு கணினிகளை யார் எவ்வளவு விற்றார்கள், சந்தையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கம்பெனிகள் எங்கள் சந்தை ஆய்வு நிறுவனத்துக்கு எண் அனுப்பும். அதில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. முதல் இரண்டு இடம் யாருக்கு என்று இந்தத் தீவில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அடிதடி எல்லாம் மூன்றாம் இடத்துக்குத்தான்.

போன காலாண்டில் அந்த மூன்றாம் இடத்தை வெண்கொக்கு என்ற சின்னக் கம்பெனிக்குக் கொடுத்தவள் நான். அவர்கள் அனுப்பிய எண் மிகச் சின்னது. எல்லாரும் கூட்டிச் சொல்கிற ஊரில் ஒருவன் குறைத்துச் சொன்னால், எதையோ மறைக்கிறான் என்றுதானே அர்த்தம்? வேறு யார் பேரிலோ செய்து கொடுக்கிறான் என்று நினைத்தேன். பேட்டரி செய்கிறவர்களிடம் விசாரித்தேன். ஒரு கணினிக்கு ஒரு பேட்டரி. அவன் சொன்ன கணக்கைப் போல இரண்டு மடங்கு பேட்டரி போயிருந்தது. நாலரை சதவீதம் என்று வந்தவனை ஒன்பது ஆக்கி, ஏழாம் இடத்திலிருந்து தூக்கி மூன்றில் உட்கார வைத்தேன். ஃபான் மேனேஜர் என்னைக் காட்டி அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ஹுய்-ஜுன் கண்ணுல மண்ணைத் தூவ முடியாதுய்யா." அந்த ஒரு வாக்கியத்தைத் தின்று இரண்டு மாதம் வாழ்ந்தேன்.

இன்று கொக்கின் புது எண் வந்தது. என் ஒன்பதுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வழிக்கு வந்துவிட்டான் பார் என்று சிரித்துக்கொண்டேன்.

கணினி மேல் வைத்திருக்கும் பச்சைச் சோளப்பொரிப் பொட்டலத்தை மாற்ற வேண்டும். அது இருந்தால் இயந்திரம் சொன்ன பேச்சுக் கேட்கும் என்று இங்கே எல்லாரும் வைப்போம். தேதி முடிந்த பொட்டலத்துக்குச் சக்தி இல்லையாம்.

ஜனவரி 7, வியாழன்

தங்கை போன் செய்தாள். குரலில் அவ்வளவு உற்சாகம். வெண்கொக்கு அவள் கணவரைக் கூப்பிடுகிறதாம். கொள்முதல் பிரிவுக்குத் தலைமை.

ஜிங்-தே பதினோரு வருடமாகத் திரை செய்யும் பெரிய கம்பெனி ஒன்றில் இருக்கிறார். கல்லால் கட்டிய வேலை. பெரிய பதவி கிடையாது, ஆனால் யாரும் அசைக்க முடியாது. பிப்ரவரியில் வரும் சந்திரப் புத்தாண்டுக்கான போனஸ் கைக்கு வந்ததும் எல்லாரையும் போல ராஜினாமாக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறார்.

"இவரு ஒரு மாசமா யோசிக்கிறாருக்கா. நேத்து அந்தக் கம்பெனிக்காரன் உன்னோட பட்டியலை எடுத்து முன்னால வச்சானாம். இவரு என்ன சொன்னாரு தெரியுமா? பேப்பரை நம்ப மாட்டேன், எங்க அக்கா போட்ட எண்ணுன்னா நம்புவேன்னாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் பெருமைப்பட்டேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 11, திங்கள்

வேறொரு கம்பெனியைப் பற்றிக் கேட்கத்தான் திருமதி யென் என்பவளைக் கூப்பிட்டேன். கணினியின் மூடியும் உடம்பும் சேரும் இடத்தில் இருக்கும் கீல்களை விற்கும் கம்பெனி அவளுடையது. ஒரு கணினிக்கு இரண்டு கீல். பேச்சோடு பேச்சாகக் கொக்கைப் பற்றியும் சொன்னாள்.

"அவங்களா? பாவம், பெருசா ஒண்ணும் வாங்கலை. முன்னாடி எப்படியோ அப்படியேதான்."

"உங்களைத் தவிர வேற யார்கிட்டயாவது வாங்குறாங்களோ?"

"அவங்களுக்கு நான் ஒருத்திதான். இல்லேன்னா எனக்குத் தெரியாம இருக்குமா!"

கீல் கணக்கில் பார்த்தால் என் எண்ணில் பாதிதான் வருகிறது. நான்கு முறை போட்டுப் பார்த்தேன். கீல் இல்லாத கணினியை யார் விற்பார்கள்?

ஜனவரி 12, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் சந்தைக்குப் போனேன். மூன்றாம் மாடியில் கொக்குப் படம் போட்ட கடை. விற்கும் பெண் கேட்காமலே பெட்டியைத் திறந்து காட்டினாள்.

"பாருங்க அக்கா, ஒண்ணு உள்ள, ஒண்ணு கையில. வேற எவனும் தர மாட்டான். ரெண்டாவது பேட்டரி இலவசம்."

"எப்பலேர்ந்து?"

"கோடையிலேர்ந்தே குடுக்கறோமே! நீங்க இந்தப் பக்கமே வர்றதில்லையா?"

இல்லை. வந்ததில்லை. பதினைந்து வருடமாக லட்சக்கணக்கான கணினிகளை எண்ணியவள், ஒரு பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை. கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கப் போன கதை. எதிரே நிற்கிற கணினியை எண்ணத் துப்பில்லாமல் பேட்டரியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் முதலில் அனுப்பிய எண் உண்மை. ஊரே பொய் சொல்லும்போது ஒருவன் உண்மை சொன்னான். நான் அவனைத் திருடன் என்று நினைத்தேன். என் ஒன்பதைப் பார்த்தவன் வாயை மூடிக்கொண்டு அதைப் பேனர் அடித்து வாசலில் கட்டினான். இப்போது அவனே இரண்டு மடங்காக அனுப்புகிறான். உண்மை பேசிய ஒரே வாயையும் பொய்க்குப் பழக்கிவிட்டேனே — நான் என்ன சரிபார்ப்பவள்?

ஜிங்-தே.

என் எண்ணை நம்பித்தானே கிளம்பப் பார்க்கிறார்.

ஜனவரி 13, புதன்

ஃபான் மேனேஜரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்ல."

"நல்லது. பாருங்க, மூணாவது எடத்துல இருந்தவனை ஒரே நாள்ல ஏழாவதுக்குத் தள்ளினா, சந்தை அவனைப் பாத்துச் சிரிக்காது. நம்மளைப் பாத்துத்தான் சிரிக்கும். இந்தத் தடவை நாலு. அடுத்தது அஞ்சு. மெதுவா மாடிப்படி எறங்குற மாதிரி எறக்கிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்?"

யாருக்கு நஷ்டம் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவர் மேலும் சொன்னார்: "வருஷக் கடைசி விருந்துல உங்களைப் பிரிவுத் தலைவரா அறிவிக்கப் போறேன். இந்த நேரத்துல எதுக்கு இது?"

நான் "சரி" என்றேன். என்ன சுலபமாக வந்தது அந்தச் சொல்.

ஜனவரி 14, வியாழன்

பக்கத்து மேசைப் பையன் சியாவ்-லூ என் கணினி மேல் இருந்த பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, இது அக்டோபரிலேயே காலாவதி ஆயிடுச்சே. போன பட்டியல் போடும்போது செத்த பொட்டலத்தையா வச்சிருந்தீங்க?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு நிமிடம் — ஒரு நிமிடம்தான் — பழியை அந்தப் பொரி மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

ஜனவரி 17, ஞாயிறு

தங்கை வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அன்னாசிக் கேக் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டேன். குற்றம் செய்தவள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று நினைத்தேன் போலிருக்கிறது.

ஜிங்-தே பிள்ளையை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போயிருந்தார். தங்கை ஹுய்-பிங் தனியாக இருந்தாள். இதைவிட நல்ல நேரம் வராது. வாயைத் திறந்தேன்.

"அவசரப்பட வேண்டாமே. சின்னக் கம்பெனி. இன்னும் ஆறு மாசம் பொறுத்துப் பாக்கலாம்ல?"

"மூணாவது எடம்னு நீதானே எழுதின?"

"எழுதினேன்... எடம் மாறும் பிங். இன்னைக்கு ஏறும், நாளைக்கு எறங்கும்."

அவள் முகம் மாறிவிட்டது. "உன் கண்ணுக்கு அவரு எப்பவுமே சின்ன ஆளுதான். பிரிவுத் தலைவருன்னு யாராவது ஒருத்தர்தான் நம்ம குடும்பத்துல இருக்கணுமா? அம்மா சொல்லிட்டாங்க உனக்குப் பதவி வரப் போகுதுன்னு."

நான் அம்மாவிடம் பதவியைச் சொல்லியிருக்கிறேன். தப்பைச் சொல்லவில்லை. எதை முதலில் சொன்னேன் பார்.

"என் எண்ணு தப்பு" என்று நான்கு சொல். இல்லை, மூன்று சொல்தான். தொண்டை வரை வந்தது. "பொறாமைன்னு நெனைச்சா நெனைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தப்பை ஒப்புக்கொள்வதைவிடப் பொறாமைக்காரி என்ற பேரே மேல் என்று தோன்றிவிட்டது. நான் இப்படிப்பட்டவள் என்று எனக்கே தெரியாது.

ஜனவரி 29, வெள்ளி

வருஷக் கடைசி விருந்து. சந்திரக் கணக்கில் வருஷம் முடிய இன்னும் இரண்டு வாரம். பத்துப் பேர் சுற்றி உட்காரும் மேசை, நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. முழுக்கோழி வந்தது. முதலாளி யாரை வேலையை விட்டு அனுப்ப நினைக்கிறாரோ, அவர் பக்கம் கோழித் தலை திரும்பி இருக்கும் என்பது அந்தக் காலத்து வழக்கம். இப்போது யாரும் அதைச் செய்வதில்லை, தலையை வெட்டிவிட்டுத்தான் கொண்டுவருவார்கள். இன்று சமையல்காரர் மறந்துவிட்டார் போல. பரிமாறியவர் தட்டை வைத்தார், கோழி நேராக என்னைப் பார்த்தது.

மேசையே அதிர்ந்து சிரித்தது. ஃபான் மேனேஜர் சட்டென்று தட்டைச் சுழற்றிக் கோழியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இவங்களையா? இவங்க போனா நான் கடையைச் சாத்திட்டு நூடுல்ஸ் விக்கப் போகணும்!" கைதட்டல். அப்படியே எழுந்து நின்று என் பதவியை அறிவித்தார்.

எழுந்து குனிந்து நன்றி சொன்னேன். கோழியைச் சாப்பிட முடியவில்லை. வயிறு சரியில்லை என்றேன். குலுக்கலில் எனக்கு ஒரு ரொட்டி சுடும் இயந்திரம் விழுந்தது.

பிப்ரவரி 3, புதன்

பட்டியல் வெளியானது. வெண்கொக்கு: நான்காம் இடம். போனது தெரியாமல் செய்த தவறு. இது தெரிந்தே எழுதிய பொய். கீழே "சரிபார்த்தவர்" என்று என் பெயர்.

மாலையில் ஹுய்-பிங்கிடமிருந்து செய்தி: "நாலாவது ஆயிடுச்சாமே. மேல தூக்கத்தான் தன்னைக் கூப்பிடறாங்கன்னு இவரு சொல்றாரு." பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்று.

பதில் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் நானும் ஒரு சிரிக்கும் முகம் அனுப்பினேன்.

பிப்ரவரி 9, செவ்வாய்

போனஸ் வந்துவிட்டது. ஜிங்-தேவுக்கும் வந்திருக்கும்.

பிப்ரவரி 15, திங்கள், புத்தாண்டின் இரண்டாம் நாள்

கட்டிக்கொடுத்த பெண்கள் தாய் வீட்டுக்கு வரும் நாள். கட்டிக்கொடுக்காத நான் முன்தினமே அம்மா இருக்கும் மியாவ்லிக்குப் போய்விட்டேன். அம்மா முள்ளங்கிக் கேக்கைத் துண்டு போட்டு வறுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் பட்டாசுக் காகிதம்.

ஜிங்-தே புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். ராஜினாமாவை விடுமுறைக்கு முன்பே கொடுத்துவிட்டாராம். மார்ச் ஒன்றாம் தேதி கொக்கில் சேர்கிறார். சாப்பாட்டின் நடுவில் சிறிய கோப்பையில் கௌலியாங் சாராயம் ஊற்றிக்கொண்டு எழுந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. காது வரை சிவந்திருந்தது.

"எனக்குத் தைரியம் பத்தாது. எல்லாருக்கும் தெரியும். பதினோரு வருஷமா ஒரே நாற்காலி. அக்கா போட்ட எண்ணைப் பாத்துத்தான் கால் எடுத்து வெளிய வச்சேன். அக்காவுக்கு ஒரு கோப்பை."

அம்மா, தங்கை, பிள்ளை எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் கோப்பையைத் தூக்கினேன். குடித்தேன். நெருப்பு மாதிரி இறங்கியது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வேலைக்குச் சேர இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, பழைய கம்பெனியின் காலைப் பிடித்தாவது திரும்பப் போயிருக்கலாம். மேசையைச் சுற்றி அத்தனை சந்தோஷம் இருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எழுதப் பார்க்கிறேன். அதுவும் பொய். என் மேல் விழும் பார்வை மாறிவிடுமே என்று பயந்தேன். அவ்வளவுதான்.

ஹுய்-பிங் கை கழுவும் இடத்தில் என்னிடம் சொன்னாள்: "அன்னைக்குக் கோவத்துல பேசிட்டேன்கா. மனசுல வச்சுக்காத."

சீ.

மார்ச் 1, திங்கள்

இன்று சேர்ந்திருப்பார்.

மார்ச் 14, ஞாயிறு

ஜிங்-தே வந்தார். தனியாக. முன்கூட்டிச் சொல்லாமல் அவர் யார் வீட்டுக்கும் போகிறவர் இல்லை. கதவைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

தேநீர் வைத்தேன். அவர் பையிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து மேசை மேல் வைத்தார். கொக்கின் பேட்டரி. 

"மொத வாரமே கொள்முதல் கணக்கு கைக்கு வந்துச்சு அக்கா. திரை ஒரு மடங்கு. கீல் சரியா இருக்கு. பேட்டரி மட்டும் ரெண்டு மடங்கு. கிடங்குல பெட்டியைத் திறந்து பாத்தேன்."

தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன். கையில் எடுத்துக்கொண்டார்.

"தெரியாமப் போட்டுட்டீங்க. மனுஷனுக்குத் தப்பு நடக்கும். ஹுய்-பிங்கிட்ட சொல்லலை, சொல்லவும் மாட்டேன். நீங்க பாத்துத் திருத்திக்கணுமேன்னுதான் கொண்டுவந்தேன்."

எனக்கு உதவ வந்திருக்கிறார்! ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பஸ் மாறி, எனக்கு உதவ. அத்துடன் விட்டிருந்தால் நான் நல்லவளாகவே இருந்திருப்பேன். "அப்படியா, ஐயோ" என்று ஒரு முகம் காட்டினால் போதும். அந்த முகம் எனக்குத் தயாராகவே இருந்தது. ஏனோ இந்தத் தடவை அது வரவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"எப்பலேர்ந்து?"

"ஜனவரி."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். எண்ணிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ஜனவரி, பிப்ரவரி, அம்மா வீட்டு மேசை, அந்தக் கோப்பை.

"நான் கோப்பையைத் தூக்கினப்ப..."

"தெரியும்."

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. செருப்பை மாட்டும்போது மட்டும் சொன்னார்: "ஒரு போன் பண்ணியிருக்கலாம் அக்கா." கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். பேட்டரி மேசை மேலேயே இருக்கிறது. தேநீரை அவர் குடிக்கவே இல்லை.

ஒரு போன். என் வேலையே நாளெல்லாம் போன் செய்வதுதான். கீல்காரிக்குச் செய்தேன், பேட்டரிக்காரனுக்குச் செய்தேன், திரைக்காரனுக்குச் செய்தேன். அவருக்கு ஒரு போன் செய்ய முடியவில்லை.

மார்ச் 15, திங்கள்

ஃபான் மேனேஜர் மேசையில் பேட்டரியை வைத்தேன். இரண்டு காலாண்டுகளுக்கும் திருத்தம் போட வேண்டும், சரிபார்த்தவரின் பிழை என்று என் பெயரோடு போட வேண்டும் என்றேன்.

"பைத்தியமா உங்களுக்கு? அஞ்சாவதுக்கு எறக்கலாம்னுதானே பேசினோம்?"

"நீங்க போடலைன்னா நானே வாடிக்கையாளருங்க எல்லாருக்கும் எழுதிடுவேன்."

என்னை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை. தைரியம் என்று யாராவது சொன்னால் செருப்பால் அடிக்க வேண்டும். வீடு எரிந்து முடிந்தபின் தண்ணீர் கொண்டுவருகிறவளுக்கு என்ன தைரியம்?

மார்ச் 25, வியாழன்

திருத்தம் வெளியானது. பட்டியலின் அடியில், பொடி எழுத்தில், மூன்று வரி. மூன்றாம் இடமும் நான்காம் இடமும் இரண்டும் ஏழு ஆயின. பிரிவுத் தலைவர் பதவியைச் சியாவ்-லூவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். எதற்குப்பா?

ஒரு செய்தித்தாள் பேனரின் படத்தையும் திருத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கேலி செய்திருக்கிறது. கொக்கு வாசலில் பேனரைக் கழற்றிவிட்டார்களாம்.

மார்ச் 26, வெள்ளி

ஹுய்-பிங் போன். "இவருக்கு முன்னாடியே தெரியுமாம். உன்னைக் காப்பாத்த என்கிட்ட மறைச்சிருக்காரு. நீ எதுக்குக்கா மறைச்ச?"

 கேட்டுவிட்டு உடனே வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 4, ஞாயிறு

அப்பாவின் கல்லறையைச் சுத்தம் செய்யப் போனோம். அம்மாவும் நானும் மட்டும். புல் ஏற்கெனவே வெட்டியிருந்தது, பூ வாடாமல் இருந்தது. தங்கை குடும்பத்தோடு காலையிலேயே வந்துவிட்டுப் போயிருக்கிறாள். அம்மா என்னைப் பார்த்துவிட்டு ஊதுவத்தியைக் கொளுத்தினாள்.

ஏப்ரல் 20, செவ்வாய்

வெயில். குடை தேவையில்லை.

புதுக் காலாண்டு. வெண்கொக்கின் எண் இன்னும் வரவில்லை. கூப்பிட வேண்டிய முறை என்னுடையது. சியாவ்-லூ "நான் பேசறேன் அக்கா" என்றான். வேண்டாம் என்றேன்.

கூப்பிட்டேன். மறுமுனையில் மணி அடித்தது. எடுத்தது ஜிங்-தே.

"நான்தான் குடுக்கறேன்னு சொன்னேன். மேலேர்ந்து பெருசா ஒரு எண்ணு எழுதித் தந்தாங்க. அதை அனுப்பறதுக்கு என் கை வராது, வேற ஆளைப் பாத்துக்குங்கன்னேன். வேற யாரும் முன்வரலை." தொடர்ந்தார்: "நெசமான எண்ணு சொல்றேன், எழுதிக்குங்க."

சொன்னார். நான் நினைத்ததைவிடச் சின்ன எண். எழுதினேன்.  என் வலது கை, கேட்காமலே, கீல்காரியின் போன் எண் எழுதிய அட்டையைத் தேடிக்கொண்டிருந்தது.

"இதையாவது நம்புவீங்களா அக்கா?"

"நம்பறேன்" என்றேன். அப்புறம் — பொய் போதும் — "ஆனா சரிபார்ப்பேன்" என்றேன்.

"பாருங்க. பெட்டியைத் திறந்தே பாருங்க."

கோபமா, கேலியா, எனக்குத் தெரியவில்லை. கேட்கும் உரிமையும் இல்லை. ஆனால் "அக்கா" என்றுதான் கூப்பிட்டார்.

திருமதி யென்னிடம் கேட்டேன். திரைக்காரர்களைக் கேட்டேன். மதியம் சந்தைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இப்போது ஒரு பேட்டரிதான் தருகிறார்கள். எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது.

வெண்கொக்கு, எட்டாம் இடம். பட்டியலில் நானே டைப் அடித்தேன்.